சைட்டோகைன் சுரப்பை நோயெதிர்ப்புச் செல்கள் தாமே கட்டுப்படுத்துவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நோயெதிர்ப்பியல் படிக்கும் மாணவர்களும் ஆய்வகத்தில் எலைசா (திரவத்தில் உள்ள புரத அளவைக் காட்டும் சோதனை), ஃப்ளோ சைட்டோமெட்ரி (செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் முறை) செய்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சைட்டோகைன் என்பது ஒரு செல் சுரந்து, இன்னொரு செல்லோ அதே செல்லோ உணரும் சிறு புரதம். பாடநூல்கள் சுரப்பு தொடங்குவதைப் பக்கம் பக்கமாக விளக்குகின்றன. அது நிற்பதை ஒரு பத்தியில் முடித்துவிடுகின்றன. அதனால் இங்கே நிறுத்தும் பக்கத்துக்கே அதிக இடம் தந்திருக்கிறோம்.

கிருமி ஒழிந்தால் தூண்டுதலும் போய்விடும், சுரப்பு தானாக நிற்கும். தனியாக எதற்கு பிரேக்?

கிருமி ஒழியும்வரை காத்திருந்தால் உடம்பு தாங்காது. நல்ல உடல்நிலையில் உள்ள ஒருவருக்கு, ஆய்வுக்காக, உடல் எடையில் கிலோவுக்கு 2 நானோகிராம் எண்டோடாக்சின் (பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் உள்ள நச்சுப்பொருள்; எல்பிஎஸ் என்பதும் இதுவே) ஊசி போட்டாலே காய்ச்சலும் குளிரும் வரும். அவர் இரத்தத்தில், அழற்சியைத் தூண்டும் சைட்டோகைனான டிஎன்எஃப் அளவு சுமார் 90 நிமிடத்தில் உச்சம் தொட்டு, சில மணி நேரத்தில் கீழே வந்துவிடுகிறது. கிருமிகளை விழுங்கும் செல்லான மேக்ரோஃபேஜை எல்பிஎஸ் கலந்த ஊடகத்திலேயே விட்டு வைத்தாலும், அதாவது தூண்டுதல் அப்படியே இருந்தாலும், டிஎன்எஃப் எம்ஆர்என்ஏ (புரதம் செய்ய மரபணுவிலிருந்து எடுக்கும் படி) ஓரிரு மணியில் உச்சம் தொட்டுச் சரிகிறது. ஆக, நிறுத்துவது கிருமி இல்லாமை அல்ல, செல்தான்.

எல்பிஎஸ் பட்டதும் மேக்ரோஃபேஜுக்குள் முதல் 2 மணி நேரத்தில் என்ன நடக்கிறது?

எல்பிஎஸ்-ஐ டிஎல்ஆர்-4 என்ற ஏற்பி உணர்கிறது. மைடி-88, ஐராக்-4, டிராஃப்-6, டாக்-1 என்ற புரதங்கள் வழியாக சிக்னல் கைமாறி ஐகேகே என்ற கைனேஸுக்கு (பிற புரதங்களில் பாஸ்பேட் ஒட்டும் நொதி) வருகிறது. அதுவரை, மரபணுக்களை இயக்கும் புரதமான என்எஃப்-கப்பா-பி, உட்கருவுக்கு வெளியே சைட்டோபிளாசத்தில் கட்டுண்டு கிடக்கிறது. அதைக் கட்டி வைத்திருப்பது ஐ-கப்பா-பி-ஆல்ஃபா. ஐகேகே அந்தக் காவல் புரதத்தின் 32, 36 ஆகிய இரு செரின்களில் பாஸ்பேட் ஒட்டுகிறது. உடனே அதன்மேல் யுபிக்விட்டின் என்ற சிறு புரதம் அடையாளமாக ஏறுகிறது, செல்லின் புரதச் சிதைப்பானான புரோட்டியசோம் அதைச் சிதைக்கிறது. விடுபட்ட என்எஃப்-கப்பா-பி உட்கருவுக்குள் போய் டிஎன்எஃப், ஐஎல்-6, ஐஎல்-1-பீட்டா ஆகிய சைட்டோகைன்களின் மரபணுக்களை இயக்குகிறது. அரை மணிக்குள் இத்தனையும் முடிந்துவிடும்.

அதே என்எஃப்-கப்பா-பி அதே நேரத்தில் இயக்கும் மரபணுக்களில் ஐ-கப்பா-பி-ஆல்ஃபாவுடையதும் ஒன்று. தன்னைக் கட்டிப்போடும் புரதத்தைத் தானே செய்யச் சொல்கிறது. சுமார் 1 மணி நேரத்தில் புதிய ஐ-கப்பா-பி-ஆல்ஃபா உருவாகி, உட்கருவுக்குள்ளேயே நுழைந்து, டிஎன்ஏ-வில் அமர்ந்திருக்கும் என்எஃப்-கப்பா-பி-யைப் பிடித்துப் பெயர்த்து, வெளியே இழுத்து வந்துவிடுகிறது. ஐகேகே இன்னும் இயங்கிக்கொண்டிருந்தால் இதுவும் சிதையும், மறுபடி ஒரு சுற்று. டிஎன்எஃப் கொடுத்துத் தூண்டிய செல்களை ஒவ்வொன்றாக நுண்ணோக்கியில் தொடர்ந்து பார்த்தால், என்எஃப்-கப்பா-பி சுமார் 90 முதல் 100 நிமிடத்துக்கு ஒருமுறை உட்கருவுக்குள் போவதும் வருவதுமாக இருப்பது தெரியும். ஆயிரக்கணக்கான செல்களை மொத்தமாக அரைத்து வெஸ்டர்ன் பிளாட் (புரத அளவைக் காட்டும் சோதனை) போட்டால் இந்த அலை மழுங்கிவிடும், ஏனென்றால் செல்கள் ஒன்றோடொன்று கால ஒழுங்கில் இருப்பதில்லை.

இந்த ஒரு மணி நேரத் தாமதம் முக்கியமானது. பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் ஒரே சாவியில் இயங்குகின்றன. பிரேக் புரதம் செய்து முடிய எடுக்கும் நேரம்தான் சுரப்புக்குக் கிடைக்கும் அவகாசம்.

அது ஒன்று போதாதா? ஏ-20 என்ற புரதம் எதற்கு?

ஐ-கப்பா-பி-ஆல்ஃபா என்எஃப்-கப்பா-பி-யை மட்டும் பிடிக்கிறது. மேலிருந்து வரும் சிக்னலைத் தணிப்பது ஏ-20-இன் வேலை. அதுவும் என்எஃப்-கப்பா-பி-யால் உருவாவதுதான். ஏற்பிக்குக் கீழே சிக்னல் புரதங்களைக் கூட்டி வைக்கும் யுபிக்விட்டின் சங்கிலிகளில் ஏ-20 போய் ஒட்டி, அந்தக் கூட்டத்தைக் கலைக்கிறது. ஏ-20 சங்கிலியை வெட்டுவதால்தான் அடக்குகிறது என்று பல குறிப்புகளில் பார்க்கலாம். ஆனால் வெட்டும் திறனை மட்டும் நீக்கிய எலிகள் பெரும்பாலும் நலமாகவே இருக்கின்றன. ஏ-20 முழுவதும் இல்லாத எலிகளோ பல உறுப்புகளில் அழற்சி வந்து இளமையிலேயே இறக்கின்றன. ஆகவே சங்கிலியில் ஒட்டிக்கொள்வதே முக்கியமான வேலை என்று எடுத்துக்கொள்வது சரி.

இவற்றோடு மைஆர்-146-ஏ என்ற நுண் ஆர்என்ஏ-வும் இருக்கிறது. இதையும் என்எஃப்-கப்பா-பி-தான் உருவாக்குகிறது. இது ஐராக்-1, டிராஃப்-6 ஆகியவற்றின் அளவைக் குறைக்கிறது. வேகம் குறைவு, நெடுநேரம் நிற்கும்.

எம்ஆர்என்ஏ உருவான பிறகும் கட்டுப்பாடு உண்டா?

உண்டு. எங்கள் கருத்தில், சைட்டோகைன் கட்டுப்பாட்டின் மிக நுட்பமான பகுதி இதுதான். டிஎன்எஃப் எம்ஆர்என்ஏ-வின் வால் பகுதியில், புரதக் குறியீடு முடிந்த பிறகு, ஏ-யும் யு-வும் நிறைந்த ஒரு நீட்சி உள்ளது. யு-யு-ஏ-யு-யு-யு-ஏ-யு-யு என்ற ஒன்பதெழுத்துத் தொடர் அதில் வருகிறது. டிடிபி என்ற புரதம் அந்த இடத்தைப் பிடித்து, எம்ஆர்என்ஏ-வின் பாலி-ஏ வாலைக் கொறிக்கும் நொதிகளை அழைத்து வருகிறது. வால் போனால் எம்ஆர்என்ஏ சில நிமிடங்களில் சிதைந்துவிடும்.

அப்படியானால் கிருமி வந்த நேரத்தில் டிஎன்எஃப் எப்படிச் சுரக்கிறது? எல்பிஎஸ் சிக்னலின் இன்னொரு கிளை பி-38, எம்கே-2 என்ற கைனேஸ்களை இயக்குகிறது. எம்கே-2 டிடிபி-யின்மேல் பாஸ்பேட் ஒட்டினால் டிடிபி செயலற்றுப்போகிறது. கூடவே இன்னொன்றும் நடக்கிறது: பாஸ்பேட் ஏறிய டிடிபி சிதையாமல் காக்கப்படுகிறது. பி-38 ஓடிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் செயலற்ற டிடிபி செல்லுக்குள் சேர்ந்துகொண்டே போகிறது. பிறகு டஸ்ப்-1 என்ற பாஸ்பட்டேஸ் (பாஸ்பேட்டை நீக்கும் நொதி) உருவாகி பி-38-ஐ அணைக்கிறது. இந்த டஸ்ப்-1-உம் அதே எல்பிஎஸ் சிக்னலால் உருவானதுதான். எம்கே-2 ஓய்ந்ததும் டிடிபி-யின் பாஸ்பேட்டுகளைப் பிபி-2ஏ என்ற இன்னொரு பாஸ்பட்டேஸ் நீக்குகிறது. சேர்ந்து கிடந்த டிடிபி முழுவதும் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்ளும். டிஎன்எஃப் எம்ஆர்என்ஏ படிப்படியாகக் குறையாமல் சட்டென்று சரிவதற்குக் காரணம் இதுதான்.

எலிகளில் டிடிபி-யை நீக்கினால் உடல் மெலிவும் மூட்டழற்சியும் வருகின்றன. டிடிபி-யைத் தொடாமல், டிஎன்எஃப் எம்ஆர்என்ஏ-வின் அந்த வால் தொடரை மட்டும் நீக்கினாலும் மூட்டழற்சி வருகிறது, குடலில் கிரோன் நோய் போன்ற அழற்சியும் சேர்கிறது. டிஎன்எஃப் புரதத்தில் ஓர் அமினோ அமிலம்கூட மாறவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஐஎல்-6-க்கு ரெக்னேஸ்-1 என்ற நொதி. அது வால் பகுதியில் உள்ள கொண்டை ஊசி வடிவ மடிப்பை அடையாளம் கண்டு நேராக வெட்டுகிறது. தூண்டுதல் வந்ததும் ஐகேகே ரெக்னேஸ்-1-ஐச் சிதைவுக்கு அனுப்பிவிடும். அதனால் ஐஎல்-6 எம்ஆர்என்ஏ-வுக்குச் சிறிது நேரம் வழி கிடைக்கிறது. பின்னர் ரெக்னேஸ்-1 மீண்டும் உருவாகும். அது தன் சொந்த எம்ஆர்என்ஏ-வையும் வெட்டுவதால் அளவு மீறிப் பெருகுவதில்லை.

புரதம் தயாரான பிறகு?

டிஎன்எஃப் முதலில் செல் சவ்வில் 26 கிலோடால்டன் புரதமாக நிற்கிறது. டேஸ் என்ற நொதி அதை வெட்டி 17 கிலோடால்டன் துண்டாக வெளியே விடுகிறது. அதே டேஸ் டிஎன்எஃப் ஏற்பிகளையும் சவ்விலிருந்து வெட்டி விடும். உதிர்ந்த ஏற்பி வெளியே உள்ள டிஎன்எஃப்-ஐப் பிடித்துச் செயலிழக்கச் செய்யும்.

ஐஎல்-1-பீட்டாவின் கதை வேறு. எல்பிஎஸ் மட்டும் கொடுத்தால் மேக்ரோஃபேஜுக்குள் செயலற்ற முன்வடிவம் குவியும், வெளியே ஒன்றும் வராது. ஏடிபி, நைஜெரிசின், யூரேட் படிகம் போன்ற இரண்டாவது சிக்னல் என்எல்ஆர்பி-3 இன்ஃப்ளமசோம் என்ற புரதக் கூட்டை இயக்கினால்தான் கேஸ்பேஸ்-1 என்ற நொதி அதை வெட்டும். கேஸ்டெர்மின்-டி என்ற புரதம் சவ்வில் துளையிட்டு வெளியே விடும். "எல்பிஎஸ் கொடுத்தேன், எலைசாவில் ஐஎல்-1-பீட்டா வரவில்லை" என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் விடை. எலி மேக்ரோஃபேஜில் வழக்கமான முறை: எல்பிஎஸ் 3 முதல் 4 மணி நேரம், பிறகு 5 மில்லிமோலார் ஏடிபி 30 முதல் 60 நிமிடம். மனித மோனோசைட்டுகள் எல்பிஎஸ் மட்டும் கொடுத்தாலும் ஓரளவு வெளியிடும். எலி முடிவை அப்படியே மனிதச் செல்லுக்குப் பொருத்த வேண்டாம்.

செல் தான் சுரந்ததைத் தானே உணர்ந்து நிறுத்துமா?

நிறுத்தும். மேக்ரோஃபேஜ் டிஎன்எஃப்-க்குப் பின்னால் ஐஎல்-10-ஐயும் சுரக்கிறது. அது அதே செல்லின் ஐஎல்-10 ஏற்பியில் பட்டு, ஏற்பியின் சிக்னலை உட்கருவுக்குக் கொண்டு செல்லும் புரதமான ஸ்டாட்-3-ஐ இயக்கி, டிஎன்எஃப், ஐஎல்-12, ஐஎல்-6 ஆகியவற்றை அடக்குகிறது. 1989-இல் ஐஎல்-10-ஐ முதலில் விவரித்தபோது அதற்கு வைத்த பெயரே சைட்டோகைன் உற்பத்தியைத் தடுக்கும் காரணி என்பதுதான்.

இங்கே ஒரு நல்ல கேள்வி எழும்: ஐஎல்-6-உம் ஸ்டாட்-3-ஐத்தானே இயக்குகிறது, அது ஏன் அழற்சியை அடக்குவதில்லை? விடை சாக்ஸ்-3 என்ற தடுப்புப் புரதத்தில் இருக்கிறது. ஸ்டாட்-3 இயங்கியதும் சாக்ஸ்-3 உருவாகும். அது ஐஎல்-6 ஏற்பியின் ஜிபி-130 பகுதியில் பொருந்தி அந்த சிக்னலைச் சீக்கிரம் வெட்டிவிடும். ஐஎல்-10 ஏற்பியில் அதற்குப் பொருந்தும் இடம் இல்லை. ஆகவே ஐஎல்-6 தருவது குறுகிய ஸ்டாட்-3 சிக்னல், ஐஎல்-10 தருவது நீண்டது. சாக்ஸ்-3 இல்லாத மேக்ரோஃபேஜுக்கு ஐஎல்-6 கொடுத்தால், அது ஐஎல்-10 போலவே டிஎன்எஃப்-ஐ அடக்குகிறது. ஒரே மூலக்கூறு, ஓடும் நேரம் மாறினால் விளைவு தலைகீழ்.

சாக்ஸ்-1 இதன் உறவுக்காரர்; ஏற்பிக்குக் கீழே ஸ்டாட் புரதங்களை இயக்கும் ஜாக் கைனேஸ்களை நேரடியாகத் தடுக்கும். அது இல்லாத எலிகள் பிறந்து மூன்று வாரத்துக்குள் இறக்கின்றன. இன்டர்ஃபெரான்-காமா என்ற சைட்டோகைனையும் சேர்த்து நீக்கினால் அந்தச் சாவு தவிர்கிறது.

டி செல்களில் ஐஎல்-2 எப்படி அடங்குகிறது?

டி செல் ஏற்பியும் அதன் துணை ஏற்பியான சிடி-28-உம் சேர்ந்து தூண்டினால் ஐஎல்-2 சுரக்கும். கூடவே ஐஎல்-2 ஏற்பியின் ஒரு பகுதியான சிடி-25 மேற்பரப்பில் ஏறுகிறது. அது சேர்ந்த ஏற்பி, சேராததைவிடச் சுமார் 100 மடங்கு இறுக்கமாக ஐஎல்-2-ஐப் பிடிக்கும். பிடித்ததும் ஸ்டாட்-5 இயங்கி, மரபணுக்களை அடக்கும் புரதமான பிளிம்ப்-1 வழியாக ஐஎல்-2 மரபணுவை மூடுகிறது. பக்கத்தில் உள்ள ஒழுங்குபடுத்தும் டி செல்கள் சிடி-25 நிறைய வைத்திருந்தும் தாம் ஐஎல்-2 செய்வதில்லை, சுற்றியுள்ளதை உறிஞ்சிக்கொள்கின்றன.

எல்லாப் பின்னூட்டமும் அடக்குவதுதானா?

இல்லை. வைரஸை எதிர்க்கும் சைட்டோகைன்களான வகை-1 இன்டர்ஃபெரானில் முதலில் பெருக்கம். மரபணுக்களை இயக்கும் புரதமான ஐஆர்எஃப்-3 சிறிதளவு இன்டர்ஃபெரான்-பீட்டாவைச் சுரக்க வைக்கும். அது ஏற்பியில் பட்டு, அதே வகைப் புரதமான ஐஆர்எஃப்-7-ஐ உண்டாக்கும். ஐஆர்எஃப்-7 பல இன்டர்ஃபெரான்-ஆல்ஃபாக்களைத் திறந்துவிடும். அதன் பிறகு யுஎஸ்பி-18 என்ற புரதம் உருவாகி ஏற்பியின் உட்பக்கத்தில் அமர்ந்துகொள்ளும், செல் வெகுநேரம் இன்டர்ஃபெரான்-ஆல்ஃபாவுக்கு மந்தமாகிவிடும்.

இரண்டாம் முறை எல்பிஎஸ் கொடுத்தால் ஏன் குறைவாகச் சுரக்கிறது?

இதற்கு எண்டோடாக்சின் சகிப்பு என்று பெயர். பாக்டீரியக் காய்ச்சல் பொருளைத் திரும்பத் திரும்ப ஊசி போட்டால் முயல்களுக்குக் காய்ச்சல் குறைந்துகொண்டே வருவதை பால் பீசன் 1946-இல் விவரித்தார். செல் களைத்துப்போய்விட்டது என்று இதை நினைப்பது தவறு. டிஎன்எஃப், ஐஎல்-6 போன்ற மரபணுக்களின் குரோமாட்டின் (டிஎன்ஏ-வும் அதைச் சுற்றி வைக்கும் புரதங்களும்) மூடிக்கொள்கிறது. கிருமியைக் கொல்லும் பெப்டைடுகள் போன்றவற்றின் மரபணுக்கள் திறந்தே இருக்கின்றன. உடலுக்குச் சேதம் தருவதைத் தேர்ந்தெடுத்து மூடுகிறது. கடுமையான செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் பாதிக்கப்படும் நிலை) நோயாளிகளின் மோனோசைட்டுகளும் இதே நிலையில் காணப்படுவதால், அவர்களுக்கு அடுத்த தொற்று எளிதில் வருகிறது.

ஸ்டீராய்டுகள் எந்த பிரேக்கை அழுத்துகின்றன?

மேலே சொன்ன அதே பிரேக்குகளைத்தான். குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பி, டஸ்ப்-1, டிடிபி போன்றவற்றின் மரபணுக்களைத் தூண்டுகிறது. என்எஃப்-கப்பா-பி-யின் வேலையையும் நேராகத் தடுக்கிறது. எப்போது அழுத்துவது என்பதுதான் சிகிச்சையில் கேள்வி. 2020-இல் கோவிட் நோயாளிகளிடம் நடந்த ரெக்கவரி ஆய்வில், நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன், அதிகபட்சம் 10 நாள், ஆக்சிஜனோ வென்டிலேட்டரோ தேவைப்பட்டவர்களிடம் இறப்பைக் குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை.

பிரேக் பழுதானால் மனிதர்களுக்கு என்ன ஆகிறது?

எந்த பிரேக் என்பதைப் பொறுத்தது. ஏ-20 மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று பழுதானால், சிறு வயதிலேயே வாயிலும் பிறப்புறுப்பிலும் புண்கள், காய்ச்சல் என்று பெசெட் நோயைப் போன்ற நிலை வரும். இது 2016-இல் தனி நோயாக விவரிக்கப்பட்டது. ஐஎல்-10 ஏற்பி பழுதான குழந்தைகளுக்குப் பிறந்த சில மாதங்களிலேயே கடுமையான குடலழற்சி. பிழை இரத்தச் செல்களில் இருப்பதால் எலும்பு மஜ்ஜை மாற்றம் கைகொடுக்கிறது.

இலக்குச் செல்லில் துளையிடும் புரதமான பெர்ஃபோரினின் குறைபாடு சற்று வித்தியாசமானது. அங்கே எந்தத் தடுப்புப் புரதமும் பழுதாகவில்லை. கொல்லும் டி செல் இலக்குச் செல்லைக் கொன்றுவிட்டு விலக வேண்டும். கொல்ல முடியாததால் இரண்டுக்கும் இடையிலான பிடி நீடிக்கிறது, இன்டர்ஃபெரான்-காமா சுரந்தபடியே இருக்கிறது, அது மேக்ரோஃபேஜுகளை வெறியேற்றுகிறது. எச்எல்எச் என்ற உயிராபத்தான நிலை இப்படித்தான் உருவாகிறது.

ஆய்வகத்தில் அளக்கும்போது எங்கே தவறுகிறது?

முதல் தவறு, ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் அளப்பது. மில்லிலிட்டருக்கு 10 லட்சம் செல்கள், 10 முதல் 100 நானோகிராம் எல்பிஎஸ் என்று வைத்தால், டிஎன்எஃப்-க்கு 4 மணி, ஐஎல்-6-க்கு 8 முதல் 24 மணி, ஐஎல்-10-க்கு 24 மணி பொருத்தமாக இருக்கும். 24 மணியில் மட்டும் எடுத்தால் டிஎன்எஃப் குறைந்து தெரியலாம். சுரக்கவில்லை என்று எழுதிவிடாதீர்கள், செல்களே அதைப் பிடித்து உட்கொண்டிருக்கும். ஐஎல்-2-இல் இது இன்னும் மோசம். சிடி-25-ஐத் தடுக்கும் ஆன்டிபாடி சேர்த்த ஒரு கிணறும் (தட்டின் குழி) வையுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் செல்கள் உட்கொண்ட அளவு.

இரண்டாவது, பிரெஃபெல்டின்-ஏ. செல்லுக்குள் சைட்டோகைனைச் சாயமேற்ற மில்லிலிட்டருக்கு 5 முதல் 10 மைக்ரோகிராம் சேர்க்கிறோம். அது சுரப்பை அடைத்துவிடுவதால் ஐஎல்-10 வெளியே வந்து திரும்பப் பேசும் வழியும் அடைபடுகிறது. அதாவது பின்னூட்டத்தை ஆராய வந்து, பின்னூட்டத்தையே துண்டிக்கிறோம். கடைசி 4 மணி நேரத்துக்கு மட்டும் சேர்த்தால் போதும். 6 மணி நேரத்துக்கு மேல் செல் சாகத் தொடங்கும். தூண்டுதலின்போது புதிதாக மேலேறும் சிடி-69 போன்ற மேற்பரப்புப் புரதங்கள் உள்ளேயே தங்கிவிடும் என்பதால் அவற்றையும் செல்லுக்குள் சாயமேற்றுங்கள். பிஎம்ஏ என்ற வேதிப்பொருள் கொடுத்துத் தூண்டினால் சிடி-4 மேற்பரப்பிலிருந்து இறங்கிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

செல் அடர்த்தியும் ஏமாற்றும். நெருக்கமாக விதைத்தால் ஐஎல்-10 சீக்கிரம் சேர்ந்து டிஎன்எஃப் குறையும். மோனோசைட்டுகளைத் தட்டில் ஒட்ட வைப்பதே ஒரு தூண்டுதல். ஒட்டிய பின் ஓர் இரவு ஓய்வு கொடுத்துத் தொடங்குங்கள். பாக்டீரியாவில் செய்த மறுசேர்க்கைப் புரதம் ஏதேனும் "டிஎன்எஃப்-ஐத் தூண்டுகிறது" என்று வந்தால், அதைக் கொதிக்க வைத்து மறுபடி கொடுத்துப் பாருங்கள். புரதம் உருக்குலையும், எல்பிஎஸ் தாங்கும். கொதித்த பிறகும் அதே ரீடிங் வந்தால் கலப்படத்தைத்தான் அளந்திருக்கிறீர்கள்.

எம்ஆர்என்ஏ ஆயுளை அளப்பது எப்படி?

எல்பிஎஸ் கொடுத்து 1 முதல் 2 மணி கழித்து, மில்லிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் ஆக்டினோமைசின்-டி சேர்த்துப் புதிய படியெடுப்பை நிறுத்துங்கள். 0, 15, 30, 45, 60, 90 நிமிடங்களில் ஆர்என்ஏ எடுத்து, சிதையாத 18எஸ் ஆர்என்ஏ-வோடு ஒப்பிட்டு, தொடக்கத்தை 100 என்று வைத்து வரையுங்கள். 60 நிமிடத்தில் 25 மிஞ்சியிருந்தால் அரையாயுள் 30 நிமிடம். பக்கத்திலேயே பி-38 தடுப்பான் சேர்த்த தொகுதியும் இருக்கட்டும். டிஎன்எஃப் இன்னும் வேகமாகச் சரிந்தால் உங்கள் முறை சரியாக வேலை செய்கிறது. 90 நிமிடத்துக்கு மேல் நீட்ட வேண்டாம். ஆக்டினோமைசின் டஸ்ப்-1, டிடிபி போன்ற பிரேக்குகளின் படியெடுப்பையும் நிறுத்திவிடுவதால், நேரம் ஆக ஆக நீங்கள் பார்ப்பது இயல்பான செல்லை அல்ல.

இரத்தத்தில் ஐஎல்-6 ஏறினால் செல்கள் அதிகம் சுரக்கின்றன என்று சொல்லலாமா?

உடனே சொல்லிவிட முடியாது. அளவு என்பது சுரப்புக்கும் அகற்றலுக்கும் இடைப்பட்டது. கார்-டி சிகிச்சையில் (மரபணு மாற்றிய டி செல்களைப் புற்றுநோய்க்குச் செலுத்துவது) வரும் சைட்டோகைன் புயலுக்கு, ஐஎல்-6 ஏற்பியை அடைக்கும் டோசிலிசுமாப் மருந்தை அமெரிக்காவின் எஃப்டிஏ 2017-இல் அனுமதித்தது. 30 கிலோவும் அதற்கு மேலும் எடை உள்ளவர்களுக்குக் கிலோவுக்கு 8 மில்லிகிராம், அதற்குக் குறைந்தால் 12 மில்லிகிராம். மருந்து ஏறியதும் காய்ச்சல் தணிகிறது, ஆனால் இரத்தத்தில் ஐஎல்-6 அளவு கூடுகிறது. ஏற்பியோடு சேர்ந்து உள்ளே இழுக்கப்பட்டு அகன்றுகொண்டிருந்த ஐஎல்-6, ஏற்பி அடைபட்டதும் இரத்தத்திலேயே தேங்குவதுதான் இதற்குக் காரணம். எனவே டோசிலிசுமாப் கொடுத்த பிறகு ஐஎல்-6 எண்ணை வைத்து நோயின் போக்கைக் கணிக்க வேண்டாம். காய்ச்சல், இரத்த அழுத்தம், ஆக்சிஜன் தேவை ஆகியவற்றைப் பாருங்கள். அழற்சியைக் காட்டும் இரத்தப் புரதமான சிஆர்பி-யும் இங்கே தனியாக நம்பத்தக்கதல்ல. ஐஎல்-6 சொல்லித்தான் கல்லீரல் அதைச் செய்கிறது, ஏற்பி அடைபட்டால் தொற்று இருக்கும்போதும் அது குறைவாகவே காட்டும்.